ஏழாம் நம்பர் மலைக்கு ஒன்பது நாள்

ஜோசப்பினின் விரல்கள் ஓரிடத்தில் நில்லா. ரொட்டி தட்டும்போது மாவின்மேலும், தண்ணீர் விழும் பீலியில் வாளி நிறையும்வரை அதன் விளிம்பின்மேலும், பூசையில் முழந்தாளிட்டிருக்கையில் முன் வாங்கின் முதுகின்மேலும் அவை எதையோ தட்டிக்கொண்டே இருக்கும். எண்பத்து நான்காம் ஆண்டுத் தவக்காலத்தில், கொட்டகலைக்கு மேலேயிருந்த அந்தத் தோட்டத்தின் மேல்கணக்குத் தொழிலாளர் லயத்தில் அதைக் கேலி செய்யாதவர் இல்லை.

“என்னா தாயி, ஆர்மோனியம் படிக்கிறியா? சத்தத்தையே காணோம்?” என்பார் சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பராவில் இருந்த செல்லசாமி.

“இது கம்பியூட்டர் மாமா.”

“கம்பியூட்டரா? செருப்புப் பெட்டி மூடி மாதிரியில்ல இருக்கு.”

செல்லசாமி சொன்னது பிழையில்லை. அவள் மடியில் இருந்தது செருப்புப் பெட்டியின் மூடிதான். அதன்மேல் நான்கு வரிசையாகக் கட்டங்கள் கீறி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் ஆங்கில எழுத்தோ இலக்கமோ எழுதப்பட்டிருந்தது. உண்மையான கம்பியூட்டர் கொட்டகலைக் கோயிலின் பங்கு மண்டபத்தில் இருந்தது. சுவாமியாரின் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அந்தப் பொருள் ஒரு பாட்டுப் புத்தகத்தின் அளவேயிருக்கும். இறப்பர்க் கட்டைகள் பதித்தது. அதை ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் கொளுவினால், தட்டிய எழுத்துகள் திரையில் வந்து நிற்கும்.

கணித ஆசிரியர் லோரன்ஸ் சனிக்கிழமைகளில் அதைக் கற்பித்தார். பிள்ளைகள் பதினான்கு பேர், இயந்திரம் ஒன்று. ஒருவருக்குக் கால் மணி நேரம்தான் கிடைக்கும். ஆகவே அவர் கடைவீதியில் பைஸர் முதலாளியின் கடைக்குப் போய், செருப்புப் பெட்டி மூடிகளைக் கேட்டு வாங்கிவந்து, ஆளுக்கொன்று செய்துகொடுத்தார்.

“வாரம் முழுக்க இதில தட்டுங்க. சனிக்கிழமை அதில தட்டுங்க. விரலுக்குத் தெரிஞ்சிருச்சுன்னா மூளைக்கு வேலை குறைவு,” என்றார்.

முதல் வகுப்பில் அவர் ஒரு கதையும் சொன்னார். வழி தவறிய காகம் ஒன்று ஒரு பெரிய மலையின் முன்னால் வந்து, ‘என் கூடு எங்கே?’ என்று கேட்டதாம். மலையும் ‘என் கூடு எங்கே?’ என்று கேட்டதாம். காகத்துக்குக் கோபம். ‘இவ்வளவு பெரிய உருவம், இதுகூடத் தெரியாதா?’ என்று கத்த, மலையும் அதையே கத்தியது. அந்த வழியாய்ப் போன நரி சொன்னதாம்: ‘மலையிடம் கேள்வியை மட்டும் கொடுத்தாய். கூட்டை எங்கே கட்டினாய் என்பதையும் கொடுத்திருந்தால் அதையும் சொல்லியிருக்கும்.’

“அதுபோலத்தான் இதுவும். நீங்க வைக்காத ஒண்ண இது திருப்பித் தராது.”

“அப்ப எதுக்கு சேர் மலைகிட்ட கேக்கணும்? காகத்துக்கிட்டயே கேட்டுறலாமே?” என்றாள் ஜோசப்பின்.

“காகம் பறந்து போயிரும். மலை அங்கேயே இருக்கும்,” என்றார் மாஸ்டர். அந்த விடை அவருக்கே அவ்வளவாகத் திருப்தி தரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

*

பங்குனி பிறந்தும் மழை எட்டிப்பார்க்கவில்லை. காலையில் புல்லின்மேல் பனி உறைந்து வெளுத்திருக்கும். பத்து மணிக்குள் வெயில் முதுகைச் சுடும். மாலையில் கொத்மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து தகரங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். அந்தக் காற்று தொடங்கியதிலிருந்து லயத்தில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. செல்லசாமிக்கு இந்தியாவுக்குப் போகும் கடிதம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் தலைமன்னாருக்குப் போகவேண்டும். நாற்பது வருட வாழ்வை மூன்று தகரப் பெட்டிகளுக்குள் அடுக்குவதும், மறுபடி வெளியே எடுப்பதுமாக அவர் அல்லாடினார்.

ஜோசப்பினின் வீட்டில் வேறு கவலை. தகப்பன் இராயப்பன் தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை செய்தவர். தை மாதத்தில் அதில் இடது கை அகப்பட்டு, டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தார். கை இருந்தது, பிடி இல்லை. அவருடைய பெயரை வேலைப்பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு வந்து லயத்து வாசலில் நின்றார்.

“மரியநாயகி, இனி இந்தக் காம்பராவுல ஒன் பேரு மட்டும்தான் பதிவுல இருக்கு. ஒரு பதிவுக்கு அரைக் காம்பராதான். வீரய்யா மகனுக்குக் கல்யாணம் முடிஞ்சு எடம் இல்லாம நிக்கிறான். பாதிய அவனுக்குக் குடுக்கச் சொல்லித் தொர சொல்லிட்டாரு.”

“அரைக் காம்பராவுல எப்படீங்க ஐயா? அடுப்பு வைக்கவே எடம் பத்தாதுங்களே.”

“ஒரு வழி இருக்கு. மகளுக்குப் பதினாறு முடிஞ்சிருச்சில்ல? அவ பேரப் பதிஞ்சிரு. திங்கக்கிழமை பேர் கூப்பிடுற பெரட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரு இருந்தா ஒருத்தனும் ஒங்கள அசைக்க முடியாது.”

அவர் போன பிறகு மரியநாயகி தேங்காய்ச் சம்பலை அம்மியில் அரைத்தாள். அது அரைபட்ட பிறகும் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“கம்பியூட்டர் படிப்பு என்னாகும்?” என்றார் இராயப்பன்.

“சனிக்கிழமை யாரோ அதிகாரி வர்றாராம். ரெண்டு பேரத் தெரிஞ்செடுத்துக் கண்டிக்கு அனுப்புவாங்களாம். மூணு மாசம் கன்னியாஸ்திரி மடத்துல தங்கிப் படிக்கணுமாம். பெறகு வேற தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள்ல சொல்லிக் குடுக்குற வேலையாம்.”

“ரெண்டுல ஒண்ணா நம்ம புள்ள வந்துட்டா?”

“வந்துட்டா நாம எங்க படுக்குறது? ஒங்க கைக்கு எண்ணெய் தேய்ச்சு நீட்டிப் படுக்க எடம் வேணாமா?”

“எங் கையப் பத்தியா இப்பக் கேட்டேன்?”

“நீங்க கேக்க மாட்டீங்க. நான்தானே கேக்கணும்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சனிக்கிழமை போகட்டும். புள்ளகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிறாதீங்க.”

பீலியிலிருந்து திரும்பிய ஜோசப்பின் வாளியை வைத்துவிட்டு, “கண்டாக்கையா ஏன் வந்தாரு?” என்று கேட்டாள்.

“கூர தகரத்தப் பாக்க,” என்றாள் தாய்.

*

சனிக்கிழமைக்காக ஒவ்வொரு பிள்ளையும் தானாக ஏதாவது ஒன்றைச் செய்துவரவேண்டுமென்று லோரன்ஸ் மாஸ்டர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் பெருக்கல் வாய்பாடு, தலைநகரங்களின் பெயர் என்று எழுதினார்கள். ஜோசப்பினுக்கு அவை பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் தாயோடு விறகு பொறுக்கப் போனபோது அவளுக்கு வேறொரு யோசனை வந்தது.

“அம்மா, கங்காணி எந்த மலைக்குப் போகச் சொல்றாரோ அங்கதானே போறீங்க? எந்த மலைக்கு எப்பப் போகணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“அவருக்கு எங்க தெரியும்? கண்டாக்கு சொல்வாரு. கண்டாக்குக்கு அந்தக் கறுப்புப் புத்தகம் சொல்லும். நம்ம கண்ணுக்குத் தெரியும்.”

“என்னா தெரியும்?”

“ஒரு மலையில கொழுந்தெடுத்துட்டு வந்தா, மறுபடி துளுத்து வர்றதுக்கு நாள் இருக்குல்ல? நல்ல மழைன்னா ஆறு நாள். சாரல்னா ஏழு. மழையே இல்லன்னா பத்து நாள் ஆகும். முந்திப் போனா மொட்டு, பிந்திப் போனா முத்தல். முத்தலக் கொண்டு போனா ஸ்டோர்ல பேச்சு நமக்குத்தான்.”

“எல்லா மலையும் ஒரே மாதிரியா?”

“ஒரே மாதிரியா இருக்குமா? ஏழாம் நம்பர் இருக்கே, அது தனி. கீழ ஆறு ஓடுது, பனி அங்கதான் தங்கும். மத்த மலையெல்லாம் காஞ்சு கெடந்தாலும் அது ஒரு நாள் முந்தும்.” விறகுக் கட்டைத் தலையில் தூக்கிவைத்தபடி அவள் மகளைப் பார்த்தாள். “இதெல்லாம் எதுக்கு ஒனக்கு?”

“மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்.”

“மெஷின் கொழுந்தெடுக்கப் போகுதாக்கும்,” என்று மரியநாயகி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஜோசப்பின் அதை எழுதினாள். மலையின் நம்பரைக் கேட்கும். கடைசியாகக் கொழுந்தெடுத்து எத்தனை நாள் என்று கேட்கும். மழையா, சாரலா, வெயிலா என்று கேட்கும். பிறகு ‘இன்று போ’ என்றோ ‘இத்தனை நாள் பொறு’ என்றோ ஆங்கில எழுத்தில் சொல்லும். ஒவ்வொரு வரிக்கும் பத்து, இருபது, முப்பது என்று இலக்கமிட வேண்டும்.

“ஏன் சேர் பத்துப் பத்தாப் போகணும்? ஒண்ணு ரெண்டுன்னு போனா என்ன?”

“தேயிலை நட்டா நடுவில செத்துப்போற எடத்துல புதுக் கன்று வைக்கிறாங்கல்ல? எடம் விட்டு வைச்சாத்தான் மறந்தத நடலாம்,” என்றார் மாஸ்டர்.

வீட்டில், வெளிச்சம் இருக்கும்வரை, அவள் அந்த வரிகளை அட்டையில் தட்டினாள். முப்பத்தொரு வரிகள். கண்ணை மூடிக்கொண்டும் தட்டினாள். ஏழாம் நம்பர் மலைக்கான வரி மட்டும் அந்த முப்பத்தொன்றில் இல்லை. அதை மறந்துவிட்டதாகக் கடைசி வகுப்பில்தான் நினைவு வந்தது. மண்டபத்திலேயே இருநூற்று எழுபதுக்கும் இருநூற்று எண்பதுக்கும் இடையில் இருநூற்று எழுபத்தைந்து என்று இலக்கமிட்டுச் சேர்த்துவிட்டாள். அட்டையில் அதை ஒரு தடவையும் தட்டியிருக்கவில்லை.

மின்சாரத்தை நிறுத்தினால் அந்த இயந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்காதிருக்க, பாட்டுக் கேட்கும் கேசட்டில் அதைப் பதிந்துகொள்ளவேண்டும். அதற்கான டேப் ரெக்கோடரையும் பைஸர் முதலாளிதான் ஒவ்வொரு சனியும் கடையிலிருந்து தாமே தூக்கிக்கொண்டு வருவார். இரவல் கொடுத்த பொருளின் பக்கத்திலேயே வகுப்பு முடியும்வரை உட்கார்ந்தும் இருப்பார்.

“கேசட் அவங்கவங்கட, ரெக்கோடர் எங்கட. பாத்து அழுத்துங்க புள்ளயள்,” என்பார்.

ஜோசப்பினிடம் கேசட் இல்லை. வீட்டில் ஒன்று இருந்தது.

அது கடிதக் கேசட். மரியநாயகியின் மூத்த சகோதரி பவுலின், சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று பிரசாவுரிமை பிரித்த பிரிப்பில் இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் இருந்தாள். இருவருக்கும் எழுத வராது. ஆகவே போகிறவர் வருகிறவர் கையில் அந்த ஒரே கேசட் கடலைத் தாண்டிப் போய்வந்தது. ஒரு பக்கம் கோத்தகிரிப் பேச்சுக்கு, மறு பக்கம் கொட்டகலைப் பேச்சுக்கு. அக்காவின் பேச்சைக் கேட்டு முடிந்ததும், தங்கை தன் பக்கத்தில் பழைய பேச்சின் மேலேயே புதிதாகப் பேசி அனுப்புவாள். லயத்தில் பல வீடுகளுக்கு இதுதான் தபால்.

கொட்டகலைப் பக்கத்தில் இருந்தது போன வருடத்துப் பேச்சு. அக்கா அதைக் கேட்டாயிற்று. அடுத்த பேச்சுக்குப் பாஸ்காத் திருநாள் வரையில் காலமிருக்கிறது. இப்படி எண்ணி, தாயிடம் கேட்காமலேயே ஜோசப்பின் அந்தப் பக்கத்தில் தன் வரிகளைப் பதிந்து, கேசட்டை மாதா படத்தின் பின்னால் வைத்துவிட்டாள். செல்லசாமிக்குக் கடிதம் வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை, மகள் பள்ளியிலிருந்து வருமுன், மரியநாயகி கேசட்டை எடுத்துக்கொண்டு செல்லசாமியின் காம்பராவுக்குப் போனாள். அவர் தம்முடைய டேப் ரெக்கோடரைப் பெட்டியில் கட்டாமல் அதற்காகவே வைத்திருந்தார்.

“எங்க நிக்குதுன்னு பாக்கலாம்,” என்று அழுத்தினார். கீச்சென்று ஒரு சத்தம் காதைக் கிழித்தது. ஆயிரம் வண்டுகளை ஒரு தகரத்துக்குள் அடைத்ததுபோல் இருந்தது.

“ஐயோ, என்னாண்ணே இது?”

“பனி ஏறிருச்சு. மாதாவுக்குப் பின்னால செவுரு ஈரம்ல? நாடா ஊறிப் போயிருக்கும். மேல பேசு, சரியாயிரும்.”

“அண்ணே, நீங்க செத்த வெளிய நில்லுங்க. எங்கக்காகிட்ட மனசு விட்டுப் பேசணும்.”

செல்லசாமி சிரித்துக்கொண்டே வெளியே போய், காற்றில் சுருட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சிகளை வீணாக்கினார். பேசி முடித்த மரியநாயகி, ஞாயிற்றுக்கிழமை ரயிலடியில் தருவதாகச் சொல்லிக் கேசட்டைப் பழையபடி மாதா படத்தின் பின்னால் வைத்தாள்.

*

சனிக்கிழமை காலையில் ஜோசப்பின் மாதா படத்தின் பின்னால் கைவிட்டுக் கேசட்டை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாலைக்குள் திருப்பி வைத்துவிடலாம். மாமா நாளைக்குத்தானே போகிறார்.

மண்டபத்தில் கல்விக் கந்தோரிலிருந்து வந்த கணேசமூர்த்தி என்ற அதிகாரி, மேசைக்கு அந்தப்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நல்லவர், ஆனால் நேரத்தைப் பார்ப்பவர். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் கேசட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். பெற்றோரையும் வரச்சொல்லியிருந்ததால் பின் வாங்குகளில் பலர் இருந்தார்கள். மரியநாயகி அரைநாள் கூலியான அரைப்பேருக்கு மட்டும் கொழுந்தெடுத்துவிட்டு, தலைத்துணியோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். உள்ளே வந்து உட்காரும்படி யாரோ சொன்னதற்கு, “கால் முழுக்க மண்ணுங்க,” என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டாள்.

கடைசிப் பெயர் ஜோசப்பின்.

அவள் கேசட்டைப் போட்டு அழுத்தினாள். திரையில் கோடுகள் ஓடவேண்டும். ஓடவில்லை. மாஸ்டர் வந்து ஒலியைக் கூட்டினார். மறுபடி அழுத்தினாள். திரை வெறுமையாகவே இருந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே.

“கம்பி சரியா மகள்?” என்றார் பைஸர், தம் பொருளின்மேல் பழி வந்துவிடுமோ என்ற பயத்தில்.

“நாடாவில சத்தம் இருக்கான்னு பாப்போம்,” என்று லோரன்ஸ் மாஸ்டர் டேப் ரெக்கோடரிலிருந்து கம்பியை உருவினார்.

மண்டபம் முழுவதும் மரியநாயகியின் குரல் நிரம்பியது.

“...கைய மடக்க முடியலக்கா, பாக்கப் பாவமா இருக்கு. பேர வெட்டிட்டாங்க. பாதிக் காம்பராவ விடச் சொல்றாங்க. வர்ற திங்கக்கிழமை ஜோசி பேரப் பதியப் போறோம். புள்ளைக்கு இன்னும் தெரியாது...”

பைஸரின் கை நிறுத்தும் கட்டையை நோக்கிப் போனது. ஜோசப்பின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் மொதலாளி. ஓடட்டும்.”

“...நாளைக்கு அவளுக்கு என்னமோ பரீட்சையாம். பாஸ் பண்ணிட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போகாதேன்னு சொல்றது? அதனால, அவ பெயிலாயிரணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன் அக்கா. மெழுகுதிரியும் கொளுத்திட்டேன். பெத்தவ வேண்டுற வேண்டுதலா இது? நீ சொல்லு...”

அதற்குமேல் விசும்பலும் தகரத்தில் காற்று மோதும் சத்தமும்தான் கேட்டன. பைஸர் நிறுத்தினார்.

ஒருவரும் திரும்பி வாசலைப் பார்க்கவில்லை, அது மரியாதை. ஜோசப்பின் மட்டும் பார்த்தாள். தாய் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிவிட நினைத்ததும் ஓட முடியாததும் அவள் கால்களில் தெரிந்தன.

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். “குடும்ப விஷயம். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் செய்தது பதிவில் இல்லை என்றால், நான் எதைப் பார்ப்பது? மிஸ்டர் லோரன்ஸ், முடித்துக்கொள்வோமா?”

“சேர்,” என்றாள் ஜோசப்பின். விரல்கள் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன. “நீங்க தேத்தண்ணி குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“என்ன?”

“குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறுபடி அடிச்சிருவேன்.”

லோரன்ஸ் மாஸ்டர் குறுக்கே விழுந்து, “தேத்தண்ணியோட கேக்கும் இருக்கு சேர்,” என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இருபது நிமிடம்,” என்றார், கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து.

அவள் தட்டத் தொடங்கினாள். பத்து, இருபது, முப்பது. முதலில் கண்ணீர் மறைத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அட்டையில் கண்மூடித் தட்டிப் பழகிய விரல்கள் தாமாகவே கட்டைகளைத் தேடிப் போயின. மழைக்கு ஆறு. சாரலுக்கு ஏழு. வெயிலுக்குப் பத்து. பின் வாங்கில் யாரோ கோப்பையைக் கீழே வைத்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. இருநூற்று எழுபது வந்தது. இருநூற்று எழுபத்தைந்து என்று தட்டினாள்.

அங்கே நின்றாள்.

ஏழாம் நம்பர் மலை. மழையில்லாத காலம். எத்தனை நாள்? அட்டைக்குத் தெரியாத வரி அது. விரல்களுக்கும் தெரியவில்லை. எட்டா? ஒன்பதா? அவள் மேசையைத் தட்டினாள், நெற்றியைத் தட்டினாள். கடிகாரத்தில் ஆறு நிமிடங்கள்தான் மிச்சம். லோரன்ஸ் மாஸ்டருக்கும் தெரியாது. அவர் நகரத்துப் பிள்ளை, கொழுந்தெடுத்த குடும்பமல்ல. தெரிந்தவர் அந்த மண்டபத்தில் ஒருவர்தான் இருந்தார்.

ஜோசப்பின் திரும்பினாள்.

“அம்மா. ஏழாம் நம்பர் மலைக்கு, மழ இல்லன்னா எத்தன நாளு?”

மரியநாயகி பேசாதிருந்தால் போதும், வேண்டியது கிடைத்துவிடும். தெரியாது என்று தலையை அசைத்தாலும் போதும். பின் வாங்கில் இருந்தவர்களும் இப்போது அவளைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கொழுந்தெடுப்பவர்கள்தான். ஆயினும் அது அவர்களுக்கு வேறு தோட்டத்து மலை. அவர்களாலும் சொல்ல முடியாது.

“அம்மா!”

“ஒம்போது,” என்றாள் மரியநாயகி. பிறகு, அது கேட்கவில்லையோ என்று பயந்தவளைப்போல, மண்டபம் அதிர மறுபடி சொன்னாள்: “ஒம்போது நாளு. ஆத்துப் பக்கம்ல?”

கடைசி வரியையும் அவள் அடித்து முடித்தபோது கணேசமூர்த்தி கேக்குத் துண்டைக் கையில் வைத்தபடியே மேசைக்கு வந்தார். திரை கேட்டது: எந்த மலை? அவரே குனிந்து ஏழு என்று தட்டினார். எத்தனை நாள்? எட்டு. மழை? இல்லை.

‘ஒரு நாள் பொறு’ என்றது திரை.

“மற்ற மலை என்றால்?”

“ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லும் சேர்.”

“இந்த வித்தியாசம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?”

ஜோசப்பின் வாசற்படியைக் கைகாட்டினாள். அங்கே யாரும் இல்லை. மண் படிந்த இரண்டு பாதச் சுவடுகள்தான் இருந்தன.

*

தாயை அவள் தேயிலைக் குறுக்கு வழியில் ஓடிப்போய்ப் பிடித்தாள். இருவரும் மேடேறினார்கள். காற்று இருவரின் பேச்சையும் பிய்த்துக்கொண்டு போனது.

“எடுத்துட்டாங்க. ரெண்டு பேர்ல நான் ஒண்ணு. புதன்கிழமை கண்டிக்கு.”

தாய் நடந்துகொண்டேயிருந்தாள்.

“நான் பெயிலாகணும்னு மெழுகுதிரி கொளுத்தினியா?”

“ஆமா.”

“கேசட்டக் கேக்காம எடுத்தது என் தப்பு. அதுக்கு அடி. ஆனா இது...” சிறிது தூரம் போன பின், “அப்பறம் ஏன் ஒம்போதுன்னு சொன்ன?” என்று கேட்டாள்.

“நீ கேட்டியே.”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?”

மரியநாயகி நின்று திரும்பினாள். “முப்பது வருஷமா அந்த மலையில நிக்கிறேன். கொழுந்தப் பத்தி ஒருத்தங்க கேட்டா எனக்குப் பொய் சொல்ல வருமாடி?” கோபமாகத்தான் சொன்னாள்; உதடு கோணியது. “வேற எதக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.”

லயத்துக்கு வந்தபோது செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. இராயப்பன் காம்பராவின் நடுவில் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, பல்லால் ஒரு நுனியையும் வலக்கையால் மறு நுனியையும் பிடித்து, குறுக்குக் கம்பில் சாக்குப் படங்கைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார்.

“என்னாங்க பண்றீங்க? விழுந்து தொலையவா?”

அவர் பல்லிலிருந்து சாக்கை எடுத்தார். “பாதி எதுவரைக்கும் வருதுன்னு பாக்குறேன். மூணு பேருக்குத்தானே எடம் பத்தாது? ரெண்டு பேருக்குப் பத்துதான்னு அளந்தேன்.”

“பத்துதா?”

“ஒன் அடுப்பக் கொஞ்சம் தள்ளி வச்சா பத்தும்.”

ஜோசப்பின் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். மரியநாயகி தலைத்துணியை அவிழ்த்துவைத்து, சாக்கின் மறுநுனியை வாங்கி முடிச்சுப் போட்டாள். அது இறுகிய முடிச்சல்ல, அவிழ்க்கலாம்போல் இருந்தது. அன்று அதை அவள் இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்லசாமியை அனுப்ப லயமே கொட்டகலை ரயில் நிலையத்துக்கு இறங்கியது. செல்லசாமி கையை நீட்டி, “கேசட்டக் குடு தங்கச்சி,” என்றார். மரியநாயகி கொடுக்கவில்லை. கேசட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பைஸரின் கடைக்கு ஓடினாள்.

“மொதலாளி, அந்த மெஷினக் குடுங்க. ரெண்டு பேச்சு பேசணும்.”

“பழையத அழிக்கவா?”

“இல்லீங்க. அதுக்குப் பின்னால.”

கடையில் ஆட்கள் நின்றார்கள். யாரையும் வெளியே போகும்படி அவள் சொல்லவில்லை. சிவப்புக் கட்டையைப் பைஸர் அழுத்தியதும், குனிந்து பேசினாள்.

“அக்கா, மேல சொன்னத அழிக்கல. நீயும் கேளு. நான் வேண்டினத மாதா கேக்கல. புள்ள போகுது. நெஞ்சு ஒரு எடத்துல நிக்கல அக்கா, ஆனா மெழுகுதிரிக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன். வச்சிர்றேன், ரயில் ஊதுது.”

*

திங்கட்கிழமை விடியலில் கொம்பு ஊதியது. பெரட்டுக்களத்தில் பனி கலையவில்லை. கண்டாக்கு கறுப்புப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டார்.

“மரியநாயகி.”

“இருக்கேங்க.”

“ஜோசப்பின்.” அந்தப் பெயரை அவர் முன்கூட்டியே பென்சிலால் எழுதி வைத்திருந்தார். “எங்க மரியநாயகி, மக?”

“அந்தப் பேர வெட்டிருங்க ஐயா. அது கண்டிக்குப் போகுது.”

“வெளங்காமப் பேசாத. அப்பக் காம்பரா?”

“சாக்குக் கட்டியாச்சுங்க. வீரய்யாண்ணன் மகன இன்னிக்கே வரச் சொல்லுங்க. அடுப்பு அவங்களுக்கு வலது பக்கம்.”

கண்டாக்கு அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் அழிறப்பரைத் தேடினார். அந்தப் பெயர் தாளிலிருந்து முழுவதும் அழியும்வரை மரியநாயகி வரிசையை விட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவள் நகரவில்லை.

தாளை ஊதித் துடைத்துவிட்டு அவர் அன்றைய வேலையைச் சொல்லத் தொடங்கினார். பக்கத்தைப் புரட்டி நாளைத் தேடுமுன்பே மரியநாயகி கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ஆற்றுப்பக்கம் இறங்கும் பாதையில் நடந்தாள்.

அன்று ஏழாம் நம்பர் மலைக்கு ஒன்பதாவது நாள்.